வாந்திலாத்தேர்

எங்கள் வீட்டில் மின்விசிறிக்கு ‘வாந்திலாத்தேர்’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலர் வீட்டில் இன்றும் அப்படிச் சொல்லக் கேட்கலாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்துத் தெருத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. “உங்க வூட்ல வாந்தி எடுக்கறதுக்குக் கூட மிஷினு வெச்சிருக்கீங்களாடா?” என்பார்கள். எனக்கு அழுகை வரும்.

என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், இந்தச் சொல்லை இன்னொன்றுக்கும் வைத்திருந்தார். வானத்தில் எப்போதாவது ஹெலிகாப்டர் போகும். திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவர் கண்ணைத் திறக்காமலே, “வாந்திலாத்தேர் போவுது” என்பார். நான் அப்போது பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பையன். அந்தத் திமிர் வேறு. “மாமா, அது எலிகொப்தேர். வாந்திலாத்தேர்னா ஃபேன்” என்று திருத்துவேன். “உனக்கு இன்னாடா தெரியும்” என்று விட்டுவிடுவார்.

மாமா ஒரு ‘சொல்தா’. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாமா இந்தோசீனாவில் இருந்தவர். 1955இல் சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. எனக்கு ஆறு வயது. அவர் கொண்டுவந்த அரக்குப் பெட்டியைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றது ஞாபகம் இருக்கிறது. கால் போன கதையை அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஹெலிகாப்டரை விசிறி என்று அவர் சொல்வதை, குடிக்கிற மனிதர், ஏதோ குழப்பம் என்றே நினைத்துக்கொண்டோம்.

2025 ஜனவரியில் பாரீசில் இருக்கும் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைச் செய்தியை அனுப்பினான். ஜெனரல் வலேரி ஆந்த்ரே என்ற அம்மையார் 21ஆம் தேதி காலமானார், வயது 102 என்று செய்தி. டாக்டர், பாராசூட்டில் குதித்தவர், இந்தோசீனப் போரில் ஹெலிகாப்டர் ஓட்டிக் காயம்பட்டவர்களை எடுத்து வந்தவர், பிரான்சில் ஜெனரல் பதவி பெற்ற முதல் பெண். படித்துக்கொண்டே வந்தேன். 1954இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ‘இங்கே வாந்திலாத்தேர்!’ என்பது தலைப்பு. வயர்லெஸ்ஸில் ஹெலிகாப்டர்க்காரர்கள் தங்களை அறிவித்துக்கொள்ளும் பெயர் அது. இந்தோசீனாவில் ஹெலிகாப்டருக்கே சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயரும் அதுதான்.

மாமா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தப்பாகத் திருத்தியது நான்தான்.

பிறகு ஒரு மாதம் இந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

வலேரி பிறந்தது 1922 ஏப்ரல் 21, ஸ்த்ராஸ்பூர் நகரில். ஜெர்மன் எல்லையில் இருக்கும் ஊர். 1871இல் ஜெர்மனியிடம் போய், 1918இல் பிரான்சிடம் திரும்பி, 1940இல் மறுபடி ஜெர்மனியிடம் போய், மறுபடி திரும்பிய பகுதி. கொடி மாறுவதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்பதால் இதைச் சொல்கிறேன். நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பம். பத்து வயதில், ஊருக்கு வந்து இறங்கிய மரீஸ் இல்ஸ் என்ற புகழ்பெற்ற விமானப் பெண்மணிக்குப் பூச்செண்டு கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. அன்றிலிருந்து விமானப் பைத்தியம். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அந்தக் காசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கூடவே டாக்டராக வேண்டும் என்ற ஆசையும். ரெண்டில் ஒன்றை விடு என்றுதான் நம் வீடுகளில் சொல்லியிருப்போம். (நம் வீடுகளில் ரெண்டையும் விடு என்றே சொல்லியிருப்போம், அது வேறு.)

போர் வந்ததும் ஸ்த்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தையே கிளேர்மோன் ஃபெரான் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கே மருத்துவம் படித்தார். 1943 நவம்பரில் ஜெர்மானியர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிவளைத்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனார்கள். வலேரி தப்பினார். பாரீஸ் போய்ப் படிப்பைத் தொடர்ந்தார். 1948இல் டாக்டர் பட்டம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம், பாராசூட்டில் குதிப்பவர்களுக்கு வரும் உடல் பாதிப்புகள். எழுதுவதற்காக அல்ல, தானே குதித்துப் பழகினார்.

அந்தச் சமயத்தில் இந்தோசீனாவில் ராணுவத்துக்கு டாக்டர்கள் போதவில்லை. வலேரி விரும்பிப் போனார். முதலில் மீத்தோவில், பிறகு சைகோனில் கோஸ்த் ராணுவ மருத்துவமனையில். மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் உதவி டாக்டர். எந்நேரமும் தலையில் குண்டு பட்டவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாலை கிடையாத மலைக் காவல் முகாம்களில் காயம்பட்டவர்கள் இருந்தால் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். லாவோஸில் அப்படிக் குதித்தது உண்டு. போவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம். காட்டு வழியே நாள்கணக்கில் நடந்துதான் வரவேண்டும். டாக்டர் நடக்கலாம். காயம்பட்டவன்?

1950இல் சைகோனுக்கு இரண்டு ஹெலிகாப்டர்கள் வந்தன. அமெரிக்காவின் ஹில்லர் 360. அவ்வளவு பெரிய போருக்கு முதலில் வந்தவை அந்த இரண்டே. படத்தில் பார்த்தேன்: கண்ணாடிக் கூண்டு, பின்னால் வால் மாதிரி ஒரு கம்பி, மேலே விசிறி. ‘வாந்திலாத்தேர்’ என்று பெயர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது. கூண்டுக்கு வெளியே, வலது பக்கம் ஒன்று இடது பக்கம் ஒன்றாக, ஸ்ட்ரெச்சர் வைக்கும் தொட்டிகள். காயம்பட்டவன் உள்ளே இல்லை, வெளியில்தான் படுத்து வரவேண்டும்.

வலேரி அதைப் பார்த்தார். டாக்டரே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிரான்சுக்குப் போய்ப் போந்துவாஸ் அருகில் பயிற்சி எடுத்துக்கொண்டு, திரும்ப வந்து அதே இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கணக்கு எழுதியவன், எண் வந்தால் விட மாட்டேன். ஹில்லர் பலவீனமான இயந்திரம். வெப்பமான காற்று லேசானது, அதில் விசிறிக்குத் தூக்கும் சக்தி குறைந்துவிடும். இந்தோசீனாவின் வெயிலில், இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொண்டு நெல்வயலிலிருந்து எழும்புவது என்பது ஒவ்வொரு கிலோவுக்கும் பதில் சொல்ல வேண்டிய வேலை. வலேரி ஐம்பது கிலோகூட இல்லாத சின்ன உருவம். எண்பது கிலோ ஆண் பைலட் உட்கார்ந்தால் வீணாகும் முப்பது கிலோ, அவர் உட்கார்ந்தால் மிச்சம். அந்த மிச்சம் பெட்ரோலாகவோ, காயம்பட்ட ஆளாகவோ ஆகும். பெண் என்பதால் பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று சொல்ல எந்த உடம்பைக் காட்டுவார்களோ, அந்த உடம்புதான் அங்கே உதவியது. என் மனைவியிடம் இதைச் சொன்னேன். “நான்கூட நாப்பத்தெட்டு கிலோதான்” என்றாள்.

அவர் செய்ததில் பலரும் எடுத்துச் சொல்வது தூ வூ என்ற இடத்தில் நடந்தது. வடக்கே தொங்கிங்கில் கறுப்பு ஆற்றின் கரை. 1951 டிசம்பரில் வியத்மின் படை ராத்திரியில் அந்த முகாமைத் தாக்கியது. உள்ளே இருந்த காலாட்படை பெரும்பாலும் மொராக்கோக்காரர்கள். காயம்பட்டவர்களை உடனே எடுக்க வேண்டும். உபயோகத்தில் இருந்த ஒரே ஹெலிகாப்டர் தெற்கே சைகோனில் நிற்கிறது. ஹனோய் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஹில்லர் அவ்வளவு தூரம் பறக்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெலிகாப்டரைக் கழற்றி, பிரிஸ்டல் என்ற சரக்கு விமானத்தில் ஏற்றி, ஹனோயில் இறக்கி மறுபடி பூட்டினார்கள். கலியாணத்துக்குப் பந்தல் சாமான் கொண்டுபோகிற மாதிரி.

வலேரி அதை எடுத்துக்கொண்டு தூ வூவுக்குப் போனார். மூடுபனி. கீழேயிருந்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வேறு. இறங்கியதும் பைலட் வேலை முடிந்தது, டாக்டர் வேலை ஆரம்பம். யார் இன்னும் தாங்குவான், யார் தாங்க மாட்டான் என்று பார்த்துப் பிரித்தார். காத்திருக்க முடியாதவர்களுக்கு அங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு இரண்டு இரண்டு பேராக ஹனோய்க்குக் கொண்டுபோனார். போய், இறக்கி, திரும்பி வந்து, மறுபடி இரண்டு பேர்.

நான் இதில் அதிகம் யோசித்தது பறந்ததைப் பற்றி அல்ல, பிரித்ததைப் பற்றி. இருபது பேர் படுத்திருக்கிறார்கள், இரண்டு தொட்டிகள்தான். யாரை வைப்பது? சாதாரண பைலட் என்றால், முகாமில் இருக்கும் யாரோ ஒருவர் கை காட்டிய ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். முடிவு அவனுடையது அல்ல. வலேரிக்கு அந்த வசதி இல்லை. விட்டுவிட்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் விட்டுவர வேண்டும். ஏற்றியவனையும் வழியில் தொட முடியாது. அவன் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறான், இவருடைய இரண்டு கையும் இரண்டு காலும் இயந்திரத்தில் இருக்கின்றன. இரண்டு வேலையும் தெரிந்த ஒருவருக்குத்தான் இந்தக் கஷ்டம்.

இந்தோசீனாவில் மட்டும் அவர் செய்த பயணம் 129, எடுத்து வந்தவர்கள் 165 பேர். வகுத்துப் பார்த்தேன். ஒரு தடவைக்கு ஒன்றே கால் ஆள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் வெயிலையும் மலையையும் அந்த இயந்திரத்தையும் நினைத்துப் பார்த்தேன். ஒரே ஒருவனுக்காகப் போன நாள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு வராது.

பிறகு அல்ஜீரியா. 1960இலிருந்து அங்கே பெரிய ஹெலிகாப்டர்களில் 365 பயணங்கள். சைகோனில் அந்த முதல் ஹில்லரை ஓட்டிய அலெக்ஸி சாந்தினியை 1963இல் மணந்தார். 1976இல் ஜெனரல். 1999இல் லெழியோன் தொனேர் விருதின் உச்சப் படி கிடைத்தது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ‘செவாலியே’ அந்த விருதில் முதல் படி. அவர் பெற்றது ஐந்தாவது. பதவியும் பதக்கமும் இத்தோடு போதும், அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் போர் நியாயமான போர் என்று நான் நினைக்கவில்லை. வியத்நாம்காரன் தன் மண்ணில் இருந்தான், பிரெஞ்சுக்காரன் அடுத்தவன் மண்ணில் இருந்தான். நடுவில் மொராக்கோக்காரன், அல்ஜீரியாக்காரன், செனெகால்காரன், என் மாமா மாதிரிப் புதுச்சேரிக்காரன் எல்லோரும் யாருக்காகவோ போய் நின்றார்கள். அதே 1951இல் அதே பிரெஞ்சு விமானங்கள் நாபாம் குண்டு வீசின. வலேரியின் ஹெலிகாப்டரில் ஆயுதம் இல்லை. ஆனால் சில சமயம் அவருக்குக் காவலாகச் சண்டை விமானங்கள் வந்தன. அவர் கடைசிவரை ராணுவத்தின் மனுஷிதான். படித்தபோது எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1954 மே 7இல் தியென் பியென் பூ விழுந்தது, அதே வருஷம் நவம்பர் 1இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அப்பா இரண்டுக்கும் சந்தோஷப்பட்டவர். மாமா அதற்கடுத்த வருஷம் ஒற்றைக் காலோடு வந்து இறங்கினார். ஒரே வீட்டில் இருவரும் சாப்பிட்டார்கள், போரைப் பற்றிப் பேசியதில்லை.

மாமா 1983இல் இறந்தார். அத்தைக்குப் பிரெஞ்சு சர்க்காரின் விதவை பென்ஷனுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. ஆபீசில் பிரெஞ்சு தெரிந்த கிளார்க் என்பதால் ஊரில் பாதிச் சொல்தா வீட்டுத் தாள்கள் என் மேஜைக்குத்தான் வரும். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, கலியாணச் சான்றில் இன்னொரு எழுத்து என்று பெயர்கள் வாழ்நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சரிக்கட்டுவதே என் வேலை. மாமா தாள்களையும் அப்படித்தான் படித்தேன், எழுத்துப் பிழைக்காக. அதில் ஒரு மருத்துவமனைத் தாள். காயம்பட்ட தேதி 1948 செப்டம்பர் 9. சைகோன் மருத்துவமனையில் சேர்த்த தேதி செப்டம்பர் 13. கீழே ‘தொடைக்கு மேல் அகற்றப்பட்டது’ என்று ஒரு வரி. தட்டச்சு செய்தவன் மூன்று இடத்தில் பெயரை மூன்று விதமாக அடித்திருந்தான். நான் அதைத்தான் அன்று குறித்துக்கொண்டேன். தேதிகளைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இப்போது யோசிக்கிறேன். செப்டம்பர் அங்கே மழைக்காலம். வயலெல்லாம் தண்ணீர். நான்கு நாள் யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள், படகிலோ தோளிலோ. காயம் அழுக நான்கு நாள் தாராளம். அந்த இரண்டு ஹில்லர்களும் சைகோன் வந்தது 1950இல்.

இந்தக் கணக்கை நான் இப்போதுதான் போடுகிறேன். மாமா அப்போதே போட்டுவிட்டார். கால் போனபின் அவர் சைகோனிலேயே சொந்தக்காரர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு இன்னும் சில வருஷம் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அந்த விசிறி தலைக்கு மேலே போவதைப் பார்த்திருக்க வேண்டும். வெகு நாளைக்குப் பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சாயந்திரம் கடற்கரையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். ஹெலிகாப்டர் ஒன்று துறைமுகப் பக்கம் தாழ்வாகப் போனது. வழக்கம்போல “வாந்திலாத்தேர்” என்றார். நான் திருத்துவதை விட்டிருந்த வயது. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு வருஷம் லேட்டா வந்துச்சுடா அது” என்றார். என்ன மாமா என்று கேட்டேன். கக்கத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஓட்டியது ஒரு பெண் என்று அவர் சொன்னதேயில்லை. தரையிலிருந்து பார்த்தவருக்கு விசிறி மட்டும்தானே தெரியும்.

அத்தையும் போய்விட்டாள். அந்த மருத்துவமனைத் தாள் மாமா மகள் வீட்டில் இருக்கலாம். அடுத்த தடவை அவள் காரைக்காலிலிருந்து வரும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.